பச்சை எண்டால் ஆருக்குப் பச்சை?

போன கிழமை உங்கள் புதிய செயலியைப் பார்க்க வரும்படி கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு மரியாதை செய்யத்தான் கூப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கேக் நன்றாயிருந்தது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் போய்ச் சேர வேண்டும், கேட்பவர் எங்கே நிற்கிறார், என்ன வேலையாக நிற்கிறார் என்பதைக் கணினியே உணர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கினீர்கள். சூழலுணர் கணிமை என்று அதற்குப் பெயரும் சொன்னீர்கள். திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னியது. "பச்சை எண்டால் ஆருக்குப் பச்சை?" என்று கேட்டேன். நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். மனுசிக்கு விளக்கம் ஏறவில்லை என்று நினைத்திருப்பீர்கள், பரவாயில்லை. அந்தக் கேள்வியை நானும் ஒருத்தியிடம் கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறேன். அது எப்படிக் கிடைத்தது என்பதை அன்றைக்குச் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் எனக்கு வேலை. கொழும்பில் கணினி படித்துவிட்டு வந்த சூடு ஆறியிருக்கவில்லை. இருபத்துநாலு வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கந்தோரில் இருந்தது ஒரே ஒரு கணினி. அதற்கென்று ஒரு அறை, அந்த அறைக்கென்று ஒரு குளிரூட்டி. பணிப்பாளருடைய அறையில்கூடக் காற்றாடிதான். கணினிக்கு வேர்க்கக் கூடாதாம். ஆட்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். சரஸ்வதி பூசைக்கு ஒரு சாரதி வந்து திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆகவே ஒரு மாதம் பொட்டுக்குக் கீழேதான் எழுத்துகளை வாசித்தேன்.

எனக்குத் தரப்பட்ட வேலை உங்களுடைய வேலைதான். முப்பது பேர் நாலு திசைக்கும் போய் வருகிறார்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, படையினர் எந்தச் சோதனைச் சாவடியில் என்ன கேட்கிறார்கள், குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு ஓடுகிறதா இல்லையா என்று ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும். தெரிந்தவர் லீவில் நின்றால் மற்றவர்களுக்குக் கண் தெரியாது. "எல்லாருடைய தலைக்குள்ளேயும் இருக்கிறதை இந்தப் பெட்டிக்குள்ளே போட்டு விடுங்கோ" என்றார் பணிப்பாளர். நானும் போட்டுவிடலாம் என்றே நம்பினேன்.

முதல் மாதம் திங்கட்கிழமைக் கூட்டங்களில் உட்கார்ந்து எல்லாரும் சொன்னதைக் குறிப்பெடுத்தேன். மாதக் கடைசியில் வாசித்துப் பார்த்தால் எல்லாரும் எல்லா வாரமும் "எல்லாம் ஓகே" என்றுதான் சொல்லியிருந்தார்கள். பணிப்பாளருக்கு முன்னால் வேறு என்ன சொல்வார்கள்? கூட்டம் முடிந்து குசினிக்குள் கோப்பை கழுவப் போகும்போதுதான் கதை வரும். எந்த இடத்தில் இறக்கி நடக்க விட்டார்கள், எந்த இடத்தில் அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள் எல்லாம் அங்கேதான் வெளிவரும். நீங்கள் இப்போது இதைப் பற்றிப் பெரிய கட்டுரையெல்லாம் எழுதுகிறீர்கள். நான் அன்றைக்குக் குசினிக்குள் போய் ஒரு கோப்பையை அரை மணித்தியாலம் கழுவினேன்.

குசினியைவிடப் பெரிய களஞ்சியம் ஒன்றும் இருந்தது. அது ரேடியோ அறை. அங்கே இருந்தவளுக்கு என் வயதுதான். பெயர் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள், ஆகவே சொல்லப் போவதில்லை. வெளியே போகிற வாகனங்களோடும் மூதூர்க் கிளையோடும் பேசுவது அவள் வேலை. பாதை பற்றி யார் வந்து என்ன கேட்டாலும் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். "ஆர் போறது? என்னத்தோட போறது? எப்ப திரும்புறது?" என்று திருப்பி மூன்று கேள்வி கேட்பாள். அதற்குப் பிறகுதான் கெட்டி மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியைத் திறப்பாள். அதில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னது, அவர் யாரோடு என்ன வாகனத்தில் போனவர், என்ன கிழமை என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

எனக்கு அது எரிச்சல். பணிப்பாளருக்கும்தான். ஒரு கேள்விக்கு ஒரு பதில் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நான் அவருக்குப் பிடித்த மாதிரியே ஒரு நிரல் எழுதினேன். இடங்களின் பெயர்கள் ஒரு பக்கம், நிறம் மறுபக்கம். திறந்திருந்தால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு. கடைசியாக வந்த செய்தி முந்தியதை அழித்துவிடும், அப்போதுதான் பார்க்க வடிவாக இருக்கும். கொப்பியிலிருந்த மற்ற விபரங்களை யோசித்துப் பார்த்தேன். அதெல்லாம் வம்புக் கதை, தகவல் இல்லை என்று முடிவு கட்டினேன். ரேடியோக்காரி வந்து பார்த்துவிட்டு, "நல்ல வடிவு. ஆனா, பச்சை எண்டால் ஆருக்குப் பச்சை?" என்றாள். பொறாமை என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை ரபீக் மூதூரிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர், பிறந்து வளர்ந்தது மூதூர். கையில் தேத்தண்ணியோடு குளிர் அறைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குளிர் வாங்க வந்தவர் கதையைச் சுருக்கமாகச் சொல்ல மாட்டார் என்பதை அந்த வேலையில் சீக்கிரமே படித்திருந்தேன். கடல் கொந்தளிப்பு, சாச்சி வீட்டு இறால், லோஞ்சில் ஆட்டுக்குட்டி கொண்டு வந்த மனிதர் என்று போய்க்கொண்டே இருந்தது.

"மூதூர்ப் பாதை எப்படி? அதைச் சொல்லுங்கோ," என்றேன்.

"எனக்கென்ன மிஸ், பிரச்சினையில்ல. வன்னி விலாசம் உள்ளவங்களத்தான் இந்தக் கிழமை இறங்குதுறையில மறிச்சி வெச்சிருக்காங்க. ஒரு டீச்சரும் பாவம்..."

"திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"திறந்துதான் இருக்கு."

பச்சையை அழுத்தினேன். அவர் சொன்ன நடு வசனம் என் காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. அதைப் போடுவதற்கு என் படிவத்தில் இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ரேடியோக்காரி லீவு. இரண்டு வருடத்தில் அவள் எடுத்த முதல் லீவு. "இப்பதான் கணினி இருக்கே, நீர் வீட்டில நில்லும்" என்று அவளைப் பிடித்துத் தள்ளி அனுப்பியதும் நான்தான். அவளுக்குப் பதிலாக ரேடியோவிலும் நானே இருந்தேன்.

காலை ஏழு மணிக்கு முன்னரே சுகந்தி வந்தாள். மூதூர்ப் பக்கம் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கப் போகிற போசாக்குப் பிரிவில் வேலை. தோளில் எப்போதும் தராசு தொங்கும், அதனால் கந்தோரில் அவளுக்குத் தராசு மிஸ் என்று பெயர். பிள்ளை பெற்று, லீவு முடிந்து வந்து ஒரு மாதம் ஆகவில்லை. மூதூருக்கு வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்கு அவள் போக வேண்டியிருந்தது. நாலு மாதக் குழந்தையைப் பாலையூற்றில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கணவர் கொழும்பில் வேலை.

"மூதூர் போகலாமோ?" என்றாள்.

திரையைத் திருப்பிக் காட்டினேன். பச்சை. "ரெண்டு மணி லோஞ்சில வந்திடுவன். அதுக்குப் பிந்தினால் அவன் ஊரைக் கூட்டிப்போடுவான், போத்தல் வாயில வைக்க ஏலாது," என்று சிரித்தபடி போனாள். சுகந்தி பிறந்தது வன்னியில், அந்த நாட்களில் படையினரின் கைக்கு வெளியே இருந்த முல்லைத்தீவில். கல்யாணம் கட்டி இங்கே வந்தாலும் அடையாள அட்டையில் பிறந்த இடமும் விலாசமும் முல்லைத்தீவாகவே இருந்தன. அது எனக்கும் தெரியும். அவளுடைய லீவுப் படிவத்தைக் கணினியில் ஏற்றியதே நான்தான்.

ஒன்பதே காலுக்கு மூதூர்க் கிளையிலிருந்து ரேடியோவில் வந்தது. "தராசு மிஸ்ஸ இறங்குதுறையில நிப்பாட்டிட்டாங்க. இன்னும் ரெண்டு பேரோட ஒரு பக்கத்தில இருத்தி வெச்சிருக்காங்க. ரெண்டு மணி லோஞ்சுக்கு முந்தி ஒண்டும் சரிவராட்டி விசாரணைக்கு வேற இடத்துக்கு ஏத்துவாங்களாம். ஓவர்."

அந்த நாட்களில் விசாரணைக்கு ஏற்றினால் இரண்டு மணித்தியாலத்திலும் வரலாம், இரண்டு மாதத்திலும் வரலாம். பாலையூற்றில் போத்தலைத் தட்டிவிடுகிற ஒரு பிள்ளை இருந்தது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப் போய்க் கணினியில் மூதூரைச் சிவப்பாக்கினேன். கடைசிச் செய்தி முந்தியதை அழித்துவிடும் அல்லவா, சனிக்கிழமைப் பச்சை போன இடம் தெரியவில்லை. ஒரு நிமிடம் பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நெருக்கடியில் உங்கள் கை முதலில் எதை நோக்கிப் போகிறது என்று கவனியுங்கள். என் கை என்னைக் காப்பாற்றப் போனது.

பணிப்பாளர் கொழும்பு போயிருந்தார். உதவிப் பணிப்பாளர் நல்ல மனிதர், பதறுகிறவர். கொழும்புத் தலைமையகத்துக்குத் தொலைநகல் அனுப்பி, அவர்கள் மூலம் பெரிய இடத்திலிருந்து ஒரு கடிதம் எடுப்போம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பெரிய முத்திரை உள்ள கடிதத்துக்கு யார்தான் அசைய மாட்டார்கள்? ஆனாலும் ஏனோ கால் நிற்கவில்லை. கீழ் ஒழுங்கையில் இருந்த ரேடியோக்காரி வீட்டுக்கு ஓடினேன். முழுகிவிட்டு ஈரத் தலையில் துவாய் கட்டிக்கொண்டு நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் துவாயோடேயே வந்தாள்.

"பச்சை எண்டு ஆர் சொன்னது?" என்றாள் படியேறும்போதே.

"ரபீக்."

ரபீக் குசினியில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமலே வந்தார். "மிஸ், வன்னி விலாசக்காரங்கள மறிக்கிறாங்க எண்டு நான் சொன்னேனா இல்லயா?"

உதவிப் பணிப்பாளர் என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ரபீக் ஆயிரம் கதை சொல்கிற மனிதர், எல்லாரும் என்னைத்தான் நம்பியிருப்பார்கள். கணினியிலும் சாட்சி கிடையாது, நானே அழித்துவிட்டேன்.

"ஓம், சொன்னீங்கள்," என்றேன். "போட இடமில்லை எண்டு நான்தான் விட்டிட்டன்."

எனக்குக் கண் கலங்கியது. "பிறகு அழும். இப்ப அலுமாரிக்குள்ள இருக்கிற கொப்பியை எடும்," என்றாள் ரேடியோக்காரி.

மூதூர் இறங்குதுறையில் ஆட்களை மறித்த பக்கங்களைப் புரட்டினாள். ஒரு குறிப்பைப் பார்த்ததும் உதவிப் பணிப்பாளர் துள்ளினார். "இந்தா இருக்கு! கடிதம் காட்டினவுடன விட்டாங்கள் எண்டு எழுதியிருக்கு. நான் சொன்னதுதானே?"

"ஆரை விட்டவை எண்டு பக்கத்தில பாருங்கோ சேர்," என்றாள் அவள். "வெளிநாட்டு டொக்டர் ஏறின வாகனம். டொக்டரைப் பார்த்து விட்டவை. கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கேல்லை."

அடுத்த குறிப்பு ஒரு மாதம் பழையது, ஒரு சாரதி சொன்னது. சுகந்தியைப் போலவே வன்னி விலாசம் உள்ள ஒரு எழுதுவினைஞர். கடிதம் வந்தது. ஆனால் கடிதத்தைச் சரிபார்க்க மேலிடத்துக்கு அனுப்பினார்கள், ஆளையும் கூடவே அனுப்பினார்கள். மூன்றாவது குறிப்பில் இருந்தவர் ஒரு மருந்தாளர், அவருக்கும் அதே விலாசம். திருகோணமலையில் குடியிருப்பதாகக் கிராம சேவகர் கொடுத்த பத்திரமும், அந்த இறங்குதுறையில் முகம் தெரிந்த ஓர் ஊர்க்காரரும் நேரே போய் நின்றபோது ஒரு மணித்தியாலத்தில் விட்டிருந்தார்கள்.

"கொழும்புக்கு அடிக்க வேண்டாம் சேர்," என்றாள். "அங்க பெரிசாக்கினால் இவங்களாலயும் பிறகு விட ஏலாமல் போயிடும். பத்திரமும் ஆளும் போகட்டும்."

உதவிப் பணிப்பாளர் தொலைநகல் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கடிதம் எடுக்காமல் விட்டு ஏதாவது நடந்தால் பழி அவர் தலையில்தான் விழும். எடுத்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. கடைசியில் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சரி, போகட்டும்," என்றார். அந்த மனிதரை நான் அதுவரை பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தேன்.

முகம் தெரிந்த ஊர்க்காரர் என்றால் ரபீக்தான். மூதூர் இறங்குதுறை வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தது அவருடைய வாப்பா. எல்லாரும் அவரைப் பார்த்தோம். முதல் தடவையாக ரபீக் கதையில்லாமல் நின்றார்.

"எண்ட பேரையும் எழுதி வெப்பாங்க மிஸ்," என்றார் மெதுவாக. அது உண்மை. வன்னி விலாசக்காரிக்குப் பிணை நின்றவர் என்று ஒரு கொப்பியில் பெயர் ஏறினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒருவரும் போகச் சொல்லவில்லை. அவர் கையைப் பார்த்தார், ரொட்டி மா ஒட்டியிருந்தது. "கையக் கழுவிட்டு வாறன். பதினொரு மணி லோஞ்சுக்கு எனக்குப் பத்திரம் வேணும்," என்றார்.

சுகந்திக்குக் கிராம சேவகர் கொடுத்த பத்திரம் அவள் வீட்டில் இருந்தது. கந்தோர் சைக்கிளில் நான் பாலையூற்றுக்கு மிதித்த வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. ஒழுங்கை முனையிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். "தாய் எத்தனை மணிக்கு வாறா?" என்று கேட்டார். பதிலுக்கு, பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ரபீக் லோஞ்சில் ஒரு காலும் இறங்குதுறையில் ஒரு காலுமாக நின்று அதை வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டரை மணிக்கு ரேடியோ பேசியது. விட்டுவிட்டார்கள் என்பதை மூதூர்க் கிளைக்காரர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். ரபீக் விடுவாரா? ரேடியோவைக் கையில் வாங்கி, அங்கே என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். ரேடியோவில் அவ்வளவு நேரம் பேசக் கூடாது. அன்றைக்கு மட்டும் ரேடியோக்காரி அவரை நிறுத்தவில்லை. ஒரு கையால் துவாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள்.

மூன்று மணிக்குத் திருகோணமலை இறங்குதுறையில் நான், பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை. லோஞ்ச் வந்து தட்டியது. சுகந்தி பிள்ளைகளின் நிறை அட்டைகள் வைக்கிற ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி இறங்கினாள். பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது, அதை மறைக்கத்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்பது கிட்ட வந்தபோது தெரிந்தது. ஃபைலை என் கையில் தந்துவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். எனக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். அங்கிருந்த மர வாங்கு ஒன்றில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் குடித்த சத்தம் லோஞ்ச் இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் கேட்டது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ரபீக் பக்கத்தில் நின்று, லோஞ்சில் அன்றைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி வந்தது என்று சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இரவு பகலாக இருந்து நிரலை மாற்றினேன். நிறங்களைக் கழற்றி எறிந்தேன். புதிய செய்தி பழையதை அழிக்காது, மேலே போய் உட்காரும். யார் சொன்னது, யார் போனது, என்னத்தோடு, எப்போது என்பதற்கெல்லாம் கொப்பியில் இருந்தபடியே இடம் வைத்தேன். அடியில் ஒரு பெரிய வெறும் பெட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். யாராவது பாதை கேட்டால் கணினி முதலில் திருப்பிக் கேட்கும்: போவது யார்? ரேடியோக்காரி பார்த்துவிட்டு, "முந்தினது வடிவு," என்றாள். அதற்குப் பிறகும் கொப்பியை அவள் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

பிற்காலத்தில் நான் ஆராய்ச்சி என்று செய்ததெல்லாம் அந்த வெறும் பெட்டியைச் சுற்றித்தான். உங்களுடைய செயலி என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரப் பிள்ளை, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களிடம் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அது சரி, ஆமா இல்லையா?" என்று கேட்க வாய் வந்தால் ஒரு மிடறு தேத்தண்ணி குடியுங்கள். நடு வசனம் முடியட்டும்.

புதிய நிரலில் முதல் செய்தியை யார் போடுவது என்று பேச்சு வந்தது. பணிப்பாளர் போடுவார் என்று இருந்தோம். சுகந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் தட்டினாள். அரை மணித்தியாலம் எடுத்தது. அவள் போட்டதை அச்சடித்து இன்றும் வைத்திருக்கிறேன்:

"இடம் மூதூர். போனது நான். முல்லைத்தீவு விலாசம். தராசோடு. திங்கட்கிழமை காலை. நாலு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். ரபீக் வந்து தன் பெயரைக் கொடுத்த பிறகு விட்டார்கள். என்னோடு இருந்த மற்ற இரண்டு பேருக்கும் ஒருவரும் வரவில்லை. அவர்களுடைய பெயர்களைக் கேட்டு வந்திருக்கிறேன், கீழே போடுகிறேன்."

கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. ரேடியோக்காரி அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, அந்த இரண்டு பேரையும் விசாரிக்க மூதூரைக் கூப்பிட்டாள்.